புளியரை தாண்டுமுன் தாளில் பொருத்திப் பாருங்கள்: முதல் கேமிங் கம்ப்யூட்டருக்குச் சாமான் சேர்த்த கணக்கு

செங்கோட்டையில் இருந்துகொண்டு கேமிங் கம்ப்யூட்டருக்குச் சாமான் சேர்ப்பதில் முதல் சிக்கல் தூரம். சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), ரேம் எல்லாம் அதற்குப் பிறகுதான். திருநெல்வேலி 60 கிலோமீட்டருக்கு மேல். புளியரையில் கேரள எல்லை தாண்டி, ஆரியங்காவு வழியாக மலை இறங்கித் திருவனந்தபுரம் போனால் 100-ஐத் தொடும். ஒரு பொருள் பொருந்தவில்லை என்றால் மாற்றி வர ஒரு நாள் போச்சு. ஆன்லைனில் வாங்கினாலும் திருப்பி அனுப்பி, புதுசு வந்து சேர ஒரு வாரம். அதனால் காசு கொடுக்குமுன் தாளில் எழுதிப் பொருத்திப் பார்ப்பதே இங்கே முக்கால்வாசி வேலை. "கேரளத்துல வாங்குனா வரி கம்மி" என்று டீக்கடையில் சொல்வார்கள். பிராசசர், போர்டு (மதர்போர்டு), கார்டு (கிராபிக்ஸ் கார்டு) எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான். விலையில் வித்தியாசம் இருந்தால் அது கடைக்காரரின் லாபத்தில் இருப்பது.

தாளில் முதல் வரி மானிட்டர். 1080பி தெளிவு, 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை படம் மாறும்) என்று முடிவானால் மற்றவை தானாக இறங்கி வரும். அதற்கு ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு போதும், இரண்டுக்கும் 8 ஜிபி நினைவகம். 4060 இழுப்பது 115 வாட், 6600 இழுப்பது 132 வாட். இங்கே வாட் கணக்குக்கு மதிப்பு அதிகம், யுபிஎஸ் பேச்சு வரும்போது புரியும். இந்தக் கணக்கில் 4060 எடுத்தோம். வாங்கும் கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே 4060 இரட்டை விசிறியோடு 200 மில்லிமீட்டரிலும் வரும், மூன்று விசிறியோடு 300-ஐத் தொட்டும் வரும். மின் இணைப்பும் ஒன்றுபோல் இருக்காது. பெரும்பாலான 4060-இல் ஒரே ஒரு 8 பின், சிலதில் புது மாதிரி 16 பின். 16 பின் என்றால் பெட்டிக்குள் அடாப்டர் வயர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராசசர் ஏஎம்டி-யின் ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், ஏஎம்4 சாக்கெட், டிடிஆர்4 ரேம். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் ரைசன் 5 7600, ஆனால் அதில் டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், வீட்டில் பழைய டிடிஆர்4 குச்சிகள் கிடந்தால் ஏஎம்4 இன்னும் நியாயமான வழி. எல்லாமே புதுசாக வாங்குகிறவர் ஏஎம்5 பக்கம் போகலாம், பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. இன்டெல் பக்கம் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் ஒரு கண்ணி உண்டு. ஒரே பெயருள்ள போர்டு டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என இரண்டு வகையாக வரும். பெயரின் கடைசியில் வரும் "டி4" அல்லது "டிடிஆர்4" என்பதைப் பார்க்காமல் வாங்கினால் ரேம் பள்ளத்தில் உட்காரவே உட்காராது.

5600 என்றாலும் இன்டெலின் 12400எஃப் என்றாலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயரை போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐ-யில் செருகிவிட்டு "டிஸ்ப்ளே வரல" என்று பதறுவதற்கு இதுவே முதல் காரணம். கிராபிக்ஸ் கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் 5600ஜி எடுங்கள், அதில் படம் வரும். ஆனால் அதில் கார்டு பேசும் பிசிஐஇ வழி பழைய 3.0 வேகத்தோடு நின்றுவிடும்.

போர்டில்தான் அதிக நேரம் போனது. 5600-க்கு பி450 போர்டும் சரி, பி550 போர்டும் சரி என்று எல்லா அட்டவணையும் சொல்லும். சாக்கெட் ஒன்றுதான், ஆனால் பயாஸ் (போர்டை எழுப்பும் உள் மென்பொருள்)? ரைசன் 5000 வரிசை முதலில் வந்தது 2020 நவம்பரில். பி550 போர்டுகள் அதே வருடம் ஜூனிலேயே கடைக்கு வந்துவிட்டன. 5600 வந்ததோ 2022-இல். சிறு ஊர்க் கடையில் தூசி படிந்து நிற்கும் பெட்டி எந்த மாதத்துச் சரக்கு என்று யாருக்குத் தெரியும்? "அண்ணாச்சி, இதுல பயாஸ் என்ன வெர்ஷன்?" என்று கேட்டால் "எல்லாம் ஏறும் தம்பி, தைரியமா கொண்டு போங்க" என்பார். ஏறும், ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது இது. போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பிராசசருக்கும் நேரே எந்த பயாஸிலிருந்து ஓடும் என்று எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை இல்லை. எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்த பென் டிரைவில் பயாஸ் ஃபைலை அவர்கள் சொன்ன பெயருக்கு மாற்றிப் போட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகி, போர்டுக்குக் கரண்ட் தரும் 24 பின் வயரும் பிராசசருக்கான 8 பின் வயரும் இணைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தால் பிராசசர் இல்லாமலேயே ஏறிவிடும். விளக்கு சிமிட்டி அணையும்வரை தொடக்கூடாது, கரண்ட் போகவும் கூடாது. யுபிஎஸ்-இல் மாட்டியே செய்யுங்கள். அந்தப் பொத்தான் இல்லாத போர்டு ஐந்நூறு ரூபாய் மலிவாகக் கிடைத்தாலும், பக்கத்தில் வேறொரு ரைசன் கம்ப்யூட்டர் இல்லாத ஊர்க்காரர் அதைத் தொட வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு.

ரேம் இரண்டு 8 ஜிபி குச்சி, 3200 வேகம். நான்கு பள்ளம் உள்ள போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும். எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) பயாஸில் போய் இயக்காவிட்டால் 3200 குச்சி பெரும்பாலும் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்லமாட்டார்கள். எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ, போர்டின் எம்.2 பள்ளத்தில் நேராகச் செருகும் வகை. போர்டில் இரண்டாவது எம்.2 இடமும் இருந்தால் அதை நிரப்பும்போது பல போர்டுகளில் சில சாட்டா துளைகள் (பழைய டிஸ்க் வயர் செருகுமிடம்) அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி அது தெரியவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டதாக முடிவுகட்டாமல் வேறு துளையில் மாற்றிப் பாருங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. கேபினட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" பெட்டியைக் கழற்றி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம், கார்டுக்கு வேண்டாம். அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்றால் 216 வாட், அவ்வளவுதான் அதன் உண்மை. கார்டும் பிராசசரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். எங்கள் தேர்வு 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காததற்கான தரச்சான்று).

கேபினட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னொரு விஷயம் பிடிபடும். எஸ்எம்பிஎஸ் இப்போது அடியில் உட்காருகிறது. பிராசசருக்கான 8 பின் இருப்பதோ போர்டின் மேல் இடது மூலையில். வயர் போர்டின் பின்னால் சுற்றி ஏறவேண்டும். 60 சென்டிமீட்டராவது இருந்தால்தான் நிம்மதி. மலிவுப் பெட்டியின் 45 சென்டிமீட்டர் வயர் விரல் நீளம் குறைவாகத் தொங்கும், போர்டின் முகத்துக்குக் குறுக்கே இழுத்தாலொழிய எட்டாது. முனைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: 4+4 என்று பிரிவது பிராசசருக்கு, 6+2 என்று பிரிவது கார்டுக்கு. முண்டித் தள்ளி ஏற்றும் வேலை கூடாது. மாடுலர் (வயரைக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ் என்றால் நண்பர் வீட்டுப் பெட்டியின் வயரைக் கடன் வாங்கிச் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வோல்ட் வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டி புகைந்துவிடும்.

கேபினட்டில் மூன்று அளவு போதும். கார்டு நீளம் எவ்வளவு, பிராசசர் கூலர் உயரம் எவ்வளவு, போர்டு சிறிய எம்ஏடிஎக்ஸா பெரிய ஏடிஎக்ஸா. 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த டவர் கூலர் பலவும் 155 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். கேபினட் 150-தான் தாங்கும் என்றால் கண்ணாடிக் கதவு மூடாது. 5600-இன் பெட்டியிலேயே கூலர் வருகிறது, ஆரம்பத்துக்கு அதுவே போதும். அதை மாட்டும்போது ஒரு நுணுக்கம்: போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும், ஆனால் பின்பக்கத் தகடு வேண்டும். பிடியின் திருகு கழன்றதும் தகடு கீழே விழும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். நான்கு திருகையும் குறுக்கும் மறுக்குமாக இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டால் எதிர் மூலை பிடிக்காது. பின்னாளில் கூலரைக் கழற்றும்போது நேரே தூக்கினால் சூடு கடத்தும் பேஸ்ட்டில் ஒட்டிய பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூட்டோடு ஆஃப் செய்து, லேசாகத் திருகி எடுக்க வேண்டும்.

கலர் விளக்கு ஆசை உள்ளவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: 5 வோல்ட் மூன்று பின் வயரை 12 வோல்ட் நான்கு பின்னில் செருகினால் விளக்கு அந்த நொடியே போய்விடும்.

யுபிஎஸ் கணக்குக்கு வருவோம். கார்டு 115, பிராசசர் உச்சத்தில் 76, மற்றதெல்லாம் சேர்த்து 50, ஆக ஏறத்தாழ 240 வாட். எஸ்எம்பிஎஸ்-இல் வீணாவதைச் சேர்த்தால் சுவரிலிருந்து 280, மானிட்டருக்கு 30. மொத்தம் 310. கடையில் நீட்டும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான். கார்டு கணநேரத்துக்குத் துள்ளும்போது கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ, 600 வாட் எடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதன் யுபிஎஸ் மோடு பொத்தான் இயங்குகிறதா என்று பாருங்கள், மற்ற மோடில் கரண்ட் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

எல்லாம் மாட்டி முடித்துக் கேபினட் தகரத்தில் புறங்கை பட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் இருக்கும், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றால் நன்றாகவே தெரியும். எஸ்எம்பிஎஸ் பழுது என்று திருப்பி அனுப்பத் தோன்றும். அனுப்புமுன் மல்டிமீட்டரில் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது துளை சுவரோடு நின்றுவிடுவது சகஜம். எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்-க்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகச் சப்ளையில் பாதி, 115 வோல்ட் அளவுக்கு, தகரத்தில் மிதக்கும். கரண்ட் மிகச் சொற்பம், ஆனாலும் எர்த் கம்பி இழுக்காமல் ஓட்டக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே மலைப்பக்கம் மின்னத் தொடங்கினால் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் உருவிவிடுங்கள். ஃபைபரில் மின்னல் வராது, ரவுட்டரின் அடாப்டர் வழியாக வரும்.

விண்டோஸ் 11 ஏற்ற 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதோடு போர்டின் லேன் டிரைவரையும் முன்கூட்டியே இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்திருங்கள். 2.5ஜி லேன் உள்ள போர்டுகளில் விண்டோஸ் நெட் கேட்டு நிற்கும், டிரைவர் இறக்கவோ நெட் இருக்காது. ஏறி முடிந்ததும் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை 165 ஆக மாற்ற வேண்டும், தானாக மாறாது. ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுத் தூங்குங்கள். ரேமில் குறை இருந்தால் கடைக்காரர் கொடுத்த மாற்றும் நாள் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

கடைசியாகக் கேபினட்டின் பின்பக்கம். கார்டு மாட்ட ஒடித்தெடுத்த தகரப் பட்டைகளை மலிவுக் கேபினட்டில் திரும்ப மாட்ட முடியாது, அந்த இடம் திறந்தே கிடக்கும். சாரல் மாதத்தில் சூடு தேடி முதலில் வருவது பல்லி. தனியாக விற்கும் ஸ்லாட் மூடி இரண்டு வாங்கித் திருகிவிடுங்கள்.