மெரிடா வெளிய இழுத்து விட்ட அந்த ஒத்த முடி

நேத்து ராத்திரி பொண்ணு கூட உக்காந்து திரும்பவும் பிரேவ் படம் பார்த்தேன், எத்தனாவது தடவைன்னு எண்ணுறதயே விட்டுட்டோம். 2012ல பிக்ஸார்ங்கிற அனிமேஷன் கம்பெனி எடுத்த படம். அவங்களோட 13வது படம், ஆனா ஒரு பொண்ண நடுவுல நிறுத்தி அவங்க சொன்ன முதல் கதை இதுதான். முதல் படம் வந்த 1995லேந்து பொம்மை, மீன், எலி, கார்னு எல்லாத்துக்கும் கதை வந்தாச்சு, பொண்ணுக்கு வர 17 வருஷம் ஆயிருக்குன்னு நெனச்சா இன்னிக்கும் மனசு ஆற மாட்டேங்குது.

ஸ்காட்லாந்து மலைநாட்டு இளவரசி மெரிடாவ கல்யாணம் பண்ணிக்க மூணு குலத்துலேந்து பசங்க வந்திருக்காங்க. அம்மா எலினோர் அவளுக்கு மூச்சு முட்டுற மாதிரி இறுக்கமா ஒரு கவுன மாட்டி, அந்த செக்கச்செவேல்னு சுருண்டு பறக்குற முடிய முழுசா முக்காட்டுக்குள்ள அடக்கிடுறாங்க. மெரிடா ஒரே ஒரு சுருள மட்டும் நெத்தில இழுத்து விடுவா. அம்மா அத திரும்ப உள்ள சொருகிடுவாங்க. அவ்ளோதான் சீன், ஆனா எனக்கு மொத்தப் படமும் அதுக்குள்ளயே இருக்கு.

அப்புறம் வில்வித்தைப் போட்டி. குலத்தோட மூத்த பிள்ளைங்கதான் கலந்துக்கலாம்னு விதி, நானும் மூத்தவதானேன்னு இவளே வில்லத் தூக்கிட்டு வந்துடுவா. டிரெஸ் கைய அசைக்க விடாது, ஒரே இழு, தோள்ல முதுகுல எல்லாம் தையல் விட்டுப் போகும், மூணு குறியிலயும் நட்ட நடுவுல அடிப்பா, மூணாவது அம்பு ஏற்கனவே அங்க குத்தி நின்ன ஒரு பையனோட அம்பையே பிளந்துட்டுப் போகும்.

ஆனா எனக்கு இதவிட முக்கியம் என்னன்னா இந்தப் படம் அம்மாவ வில்லி ஆக்கல. ஆம்பளைங்க மொத்தப் பேரும் அடிச்சிக்கிட்டு உருள்ற கூடத்துல எலினோர் சத்தமே போடாம நடந்து போய் தலைவர்களக் காதப் பிடிச்சு இழுத்துட்டு வருவாங்களே, அது பலம் இல்லாம வேற என்ன? பின்னாடி ஒரு மந்திரத்தால அம்மா கரடியா மாறினதும் அதே கூடத்துல பேசி சமாளிக்க வேண்டியது மெரிடா, அப்புறம் சண்ட போட வேண்டியது அம்மா. கத்தியால கிழிச்ச குடும்பத் திரைச்சீலைய குதிரை மேல உக்காந்துகிட்டே ஊசி நூல வெச்சு தைக்கிறதும் மெரிடாதான். ஊசி பொண்ணுக்கு, வில்லு பையனுக்குன்னு பிரிச்சு வெச்சிருக்கோம் பாருங்க, அந்தக் கோட்டையே அழிச்சிடுறாங்க. கடைசில அவளுக்கு ஜோடின்னு யாரும் கிடையாது, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

கதையும் பாதி இயக்கமும் பிரெண்டா சாப்மன். தன் மக கூட பட்ட பாட்டுலேந்து எழுதினது, நடுவுல அவங்கள எடுத்துட்டு வேற ஒருத்தர இயக்க விட்டாங்க, அப்புறம் 2013ல ஆஸ்கர் ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் வந்துச்சு.

அதே வருஷம் மே மாசம் பிக்ஸாரோட தாய் கம்பெனி டிஸ்னி மெரிடாவ இளவரசிங்க வரிசைல சேர்த்தப்போ புதுசா ஒரு படம் வரைஞ்சாங்க. இடுப்பு ஒடுங்கி, தோள் தெரியுற பளபள கவுன், கைல வில்லு இல்ல. எந்த டிரெஸ்ஸ அவ கிழிச்சாளோ அதையே திரும்ப மாட்டி விட்ட மாதிரி இருந்துச்சு. சாப்மன் வெளிப்படையாவே கோபப்பட்டாங்க, 2 லட்சம் பேருக்கு மேல மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கல.

நேத்து அந்த முக்காடு சீன் வந்தப்போ பொண்ணு ஹேர்பேண்டுக்குள்ளேந்து ஒரு முடிய இழுத்து நெத்தில விட்டுட்டு என்னையே பார்த்தா. சரி பண்ண கை தானா எழுந்துச்சு, மடியிலயே வெச்சுக்கிட்டேன்.