கனலெட்டோ நின்ற இடம்

வெனிஸில் இரண்டாம் நாள் காலை, போனில் ஓர் ஓவியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள இடத்தைத் தேடிக் கிளம்பினேன். வெனிஸ் ஓவியர் கனலெட்டோவின் 'கல்தச்சர் பட்டறை'. 1725 வாக்கில் வரைந்தது. அசல் இருப்பது லண்டன் நேஷனல் கேலரியில். அங்கே அதைப் பார்த்த நாளிலிருந்தே இந்தக் கிறுக்கு.

இடம் சான் விதால் சதுக்கம், அக்கடெமியா மரப்பாலத்தை ஒட்டியே இருக்கிறது. ஓவியத்தில் பாலமே கிடையாது. தேவாலய வேலைக்கு வந்த வெள்ளைக் கற்கள் இறைந்து கிடக்கின்றன. ஒருவர் மண்டியிட்டு உளியால் கொத்துகிறார். இடப்பக்கம் ஒரு குழந்தை மல்லாக்க விழுந்து, விழுந்தபடியே மூத்திரம் பெய்கிறது. அம்மாக்காரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருகிறாள். வெனிஸ் என்றதும் நினைவுக்கு வரும் மாளிகை, திருவிழா, அலங்காரப் படகு எதுவும் இல்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

கால்வாயின் எதிர்க்கரையில் கரித்தா தேவாலயம். படத்தில் அதன் பக்கத்தில் மணிக்கோபுரம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. போனையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், கோபுரத்தைக் காணோம். 1744-இல் இடிந்து விழுந்துவிட்டதாம். தேவாலயம் இப்போது அக்கடெமியா ஓவியக்கூடத்தின் ஒரு பகுதி.

உள்ளே கனலெட்டோ குவிந்து கிடப்பார் என்று போனால் ஏமாற்றம்தான். 1765-இல் வரைந்த கற்பனைத் தூண்மண்டபம் ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. மனிதர் வரைந்ததில் பெரும்பகுதியை ஊர்சுற்ற வந்த ஆங்கிலேயப் பிரபுக்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்குத் தரகராக இருந்த ஜோசப் ஸ்மித், தன் சேகரிப்பை 1762-இல் அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கே விற்றார்.

கனலெட்டோவின் அப்பா நாடகத் திரைச்சீலை வரைந்தவர். மகனுக்கும் அந்தக் கை உண்டு: காட்சிக்குத் தோதாகக் கட்டடங்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடுவார். ஆனால் தண்ணீர் ஏறும் மட்டம் வரை சுவரில் பாசி படிந்த கோடு மட்டும் அவர் படங்களில் உள்ளபடி இருக்கிறது. அதை இன்றைய பாசிக்கோட்டோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், வெனிஸில் தண்ணீர் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் கால்வாய்ப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கீழ்ப்படிகளில் கரும்பச்சையாய் வழவழவென்று பாசி. வப்பொரெட்டோ என்கிற பயணிகள் படகு ஒன்று கடந்து போக, கிளம்பிய அலை அந்தப் பச்சையைத் தாண்டி ஏறி என் செருப்பை நனைத்துவிட்டுப் போனது.