பள்ளக்கழனியின் புல எண்

சென்னைப் பெருநகரத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1,189 சதுர கிலோமீட்டரில் எங்கே குடியிருப்பு, எங்கே ஆலை, எங்கே வேளாண்மை என்று 2026 வரைக்கும் பிரித்து வைத்த வரைபடம் அது. அதைத் துண்டு துண்டாகத் திருத்தக் கோரும் மனுக்களைத் தயாரிப்பதுதான் பல ஆண்டுகள் என் வேலை. தனியார் ஆலோசனை அலுவலகம் ஒன்றில் இருந்தேன்.

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. உரிமையாளர் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் மனுக் கொடுப்பார். இடத்தைப் பார்வையிடுவார்கள், நாளிதழில் அறிவித்து ஆட்சேபணை கேட்பார்கள், தொழில்நுட்பக் குழு பரிசீலிக்கும், குழுமம் ஒப்புக்கொண்டால் அரசிதழில் வெளியாகும். வேளாண் நிலம் அன்றிலிருந்து குடியிருப்பு நிலம். நகரம் வளரும்போது திட்டமும் மாறத்தான் வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. என்னை உறுத்தியது அந்த அறிவிப்பு.

கிராமத்தின் பெயர், புல எண் என்னும் நில அளவை எண், பரப்பு, எந்த உபயோகத்திலிருந்து எந்த உபயோகத்துக்கு மாற்றம். இவ்வளவுதான் அதில் இருக்கும்.

ஒருமுறை ஏரிக்குக் கீழே இரண்டரை ஏக்கர் நஞ்செய்க்கு மனுப் போட்டிருந்தோம். புலப்படத்தில் சுற்றிலும் கோடுகள், நடுவில் வெறுமை. அளவு சரிபார்க்கப் போனபோது டீக்கடையில் ஒரு பெரியவரிடம் நாளிதழ் நறுக்கைக் காட்டி, "ஐயா, இது எந்த இடம் என்று தெரிகிறதா?" என்று கேட்டேன். கண்ணுக்கு அருகே பிடித்துப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அது பள்ளக்கழனி அல்லவா, தம்பி! ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தண்ணீர் அது வழியாகத்தானே போகும்? அங்கே நடவுக்குச் சேடை ஓட்டினால் மாடு வயிறு வரைக்கும் புதையும்."

அதே நாளிதழை அறிவிப்பு வந்த அன்றே அவர் படித்திருக்கிறார். எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். ஆட்சேபணைக்கான கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அவர் சொன்னதை ஒரு பக்கம் எழுதி, தண்ணீர் போகும் வழியையும் வரைந்து அறிக்கையில் சேர்த்தேன். "ஆட்சேபணைதான் ஒன்றும் வரவில்லையே, இது எதற்கு?" என்றார் மேலாளர். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். எடுத்திருக்கக் கூடாது. மனு நிறைவேறியது, வீடுகள் எழும்பின. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். சுற்றுச்சுவரில் என் மார்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு பதிந்திருந்தது. அந்த வீடுகளை வாங்கியவர்களுக்குப் பள்ளக்கழனி என்ற பெயரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெருநகர எல்லையை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறார்கள். எத்தனையோ ஏரிகளும் கழனிகளும் புதிதாக உள்ளே வந்துவிட்டன. அறிவிப்பில் புல எண்ணோடு ஊர் வழக்குப் பெயரையும் போட வேண்டும், கிராமத்துச் சாவடியிலும் டீக்கடையிலும் ஒட்ட வேண்டும் என்று கேட்கும் இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன். இப்போது தனியாகத்தான் வேலை செய்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் வரைபடத்தைப் பிரிக்குமுன் கழனிகளின் பெயர்களைக் கேட்டு, புல எண்ணுக்கு எதிரே எழுதிக்கொள்கிறேன். சென்ற முறை எழுதிய பக்கத்தில் மூன்று பெயர்கள்: கால்வாய்மேடு, எருமைக்குட்டை, சம்புக்கழனி. சம்பு தண்ணீர் நிற்கும் இடத்தில் வளர்வது. அந்தக் கடைசிப் பெயருக்கு எதிரே, நிலம் எவ்வளவு தாழ்வு என்று மழைக்கு முன்பே மட்டம் எடுத்துவிட வேண்டும் என்று குறித்து வைத்தேன்.