டிஸ்க் நல்லாத்தான் இருக்குதுங்க

திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவனுக்கு வரும் போன்களில் பாதிக்குமேல் "ஹார்ட் டிஸ்க் போயிருச்சுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழுந்திருக்கும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் ஓடும் சிஸ்டம்களில் இது இன்னும் அதிகம். அதற்குக் காரணம் டிஸ்க்கும் இல்லை, ஆளும் இல்லை. திரையில் வரும் அறிவிப்புதான்.

என் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் பிரிண்டிங் பட்டறைக்காரர்கள். பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க்கை நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம் எடுத்து, வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் பூசிய ஸ்கிரீனில் எக்ஸ்போஸ் செய்து, கழுவிக் காயவைத்து, அப்புறம்தான் பனியனில் பெயின்ட் ஏறும். ஒரு டிசைனில் 6 நிறம் இருந்தால் 6 பிலிம், 6 ஸ்கிரீன். போன சீசன் டிசைனே நிறம் மாற்றி ரிப்பீட் ஆர்டராக வரும் என்பதால் எந்த ஃபைலையும் அழிக்க முடியாது. எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போய்ச் சேரும். பார்ட்டி பெயரை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி டிராயரில் பூட்டி வைத்திருப்பார்கள். ஸ்கிரீன் கிழிந்தால் வேறு போடலாம். டிஸ்க் போனால் ஆர்டரே போனமாதிரி.

இந்தப் பட்டறைகளுக்கு லினக்ஸ் வந்தது கொள்கைப் பிடிப்பால் இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புது பிராசசரும் பழைய மெஷின்களில் கிடையாது. நன்றாக ஓடும் சிஸ்டத்தைத் தூக்கிப்போட இங்கே யாருக்கும் மனசு வராது. கோரல் டிசைன் மென்பொருளின் லைசென்ஸ் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்த சிலர், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் போதும் என்று உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு வந்தார்கள். டிசைனர் பையன்கள் இதற்கெல்லாம் மிரளுவதில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பட்டறை. பாத்திரம் தட்டும் சத்தம் அடுத்த தெருவில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓனர் காலையிலேயே போன் பண்ணினார்.

"ஏனுங்க தம்பி, டிஸ்க்கைச் சொருகுனா படமெல்லாம் நல்லாத் தெரியுது. இங்க்ஸ்கேப்புல தொறந்தா மட்டும் ஆகாதுங்குது. டிஸ்க் அடி வாங்கிருச்சுங்களா? மத்தியானத்துக்குள்ள சாம்பிள் தாட்டிவிடோணுங்க."

"நீங்க ஒண்ணும் பண்ணாதீங்கண்ணா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போவதற்குள் யாரோ ஒரு விவரமான பையன் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் 'சிஎச்மாட் 777' அடித்துப் பார்த்திருந்தான். திரையில் 'பர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி இல்லை என்று வந்தால் எல்லோருடைய கையும் அங்கேதான் போகும். அந்த டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை (ஃபைல்சிஸ்டம்) எக்ஸ்ஃபேட் வகை. அதில் லினக்ஸ் பயன்படுத்தும் யூனிக்ஸ் பாணி அனுமதிகளை எழுதிவைக்க இடமே கிடையாது. டிஸ்க் சிஸ்டத்தோடு இணையும்போது, அதாவது மவுண்ட் ஆகும்போது, சிஸ்டம் மொத்தமாக ஒரு அனுமதியைப் போட்டுவிடும், அவ்வளவுதான். அதனால் 777 அடித்தும் நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. லினக்ஸின் சொந்த வகையான ஈஎக்ஸ்டி4 டிஸ்க்காக இருந்திருந்தால் அதிலிருக்கும் எல்லா ஃபைலும் ஊருக்கே திறந்து கிடந்திருக்கும், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

இந்த மாதிரி இடத்தில் முதலில் செய்யவேண்டிய வேலை மிகச் சின்னது. ஒரு ஃபைலை டிஸ்க்கிலிருந்து டெஸ்க்டாப்புக்குக் காப்பி பண்ணி, அதே இங்க்ஸ்கேப்பில் திறந்து பார்க்கவேண்டும். திறந்தது. அப்படியென்றால் டிஸ்க்கும் சரி, ஃபைலும் சரி, உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அனுமதியும் சரி. ஃபைல் மேனேஜர் படத்தைக் காட்டுகிறது, இங்க்ஸ்கேப் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் தடுக்கப்பட்டிருப்பது ஆள் இல்லை, ஆப். அந்த அறிவிப்பு இதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாது.

எங்கே சொல்லும் என்றால் யாரும் பார்க்காத இடத்தில். டெர்மினலில், சிஸ்டம் தன் நடப்புகளை எழுதிவைக்கும் ஜர்னல் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு இங்க்ஸ்கேப்பில் மறுபடி அந்த ஃபைலைத் திறக்கச் சொன்னேன். உடனே ஒரு வரி விழுந்தது. அப்பார்மர் (ஆப்களுக்குக் காவல் நிற்கும் லினக்ஸ் பகுதி), டினைட், ஆபரேஷன் ஓப்பன், புரொஃபைல் ஸ்நாப்.இங்க்ஸ்கேப்.இங்க்ஸ்கேப், அதற்குப் பக்கத்தில் ஃபைலின் முழு முகவரி. யார் தடுத்தது, யாரைத் தடுத்தது, எதைத் தொடப்போனபோது தடுத்தது என்று மூன்றும் ஒரே வரியில் இருந்தன. இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்த சிஸ்டம், அதைத் திரையில் காட்டாமல் லாகில் போய் எழுதுகிறது என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல்.

விஷயம் இதுதான். உபுண்டுவின் ஆப் சென்டரிலிருந்து போடும் மென்பொருள் பல ஸ்நாப் பொதியாக வரும். ஸ்நாப் ஆப் தனக்கென்று போட்ட வேலிக்குள்தான் ஓடும். ஹோம் ஃபோல்டரில் மறைக்கப்படாத ஃபைல்களைத் தொடலாம், அதனால்தான் டெஸ்க்டாப்பில் இருந்தது திறந்தது. வெளி டிஸ்க்கைத் தொட 'ரிமூவபிள்-மீடியா' என்ற தனி இணைப்பு வேண்டும். பொதுவாக அது தானாக இணையாது. பனியன் கம்பெனி கேட்டில் உள்ளே போகப் பாஸ் இருந்தாலும் குடோனுக்குத் தனிப் பாஸ் கேட்பார்களே, அந்தக் கதைதான். 'ஸ்நாப் கனெக்‌ஷன்ஸ் இங்க்ஸ்கேப்' என்று அடித்தால் இணைப்புகளின் பட்டியல் வரும். ரிமூவபிள்-மீடியா வரியில் ஸ்லாட் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சின்னக் கோடு இருந்தது. 'சூடோ ஸ்நாப் கனெக்ட் இங்க்ஸ்கேப்:ரிமூவபிள்-மீடியா' என்று அடித்து, இங்க்ஸ்கேப்பை மூடித் திறந்ததும் டிஸ்க்கில் இருந்த ஃபைல் திரையில் வந்து உட்கார்ந்தது. டெர்மினல் பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்த ஆப்பின் அனுமதிகளில் வெளிச் சேமிப்புக்கான பொத்தானைத் தள்ளினாலும் போதும்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் ஓனர். சர்வீஸ்காரனுக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி கிடையாது. ரெண்டு நிமிஷ வேலைக்கு எப்படி பில் போடுவது? டீ வந்தது, குடித்துக்கொண்டே யோசித்தேன்.

அப்புறம் அவரே, "எல்லா ஆப்புக்கும் தொறந்து விட்ருங்க தம்பி, தொல்லை தீந்துது" என்றார். அதை மட்டும் செய்யவில்லை. அந்த டிஸ்க்கில் அடுத்த சீசனுக்கான டிசைன்கள் இருக்கின்றன, இன்னும் கடைக்கே வராதவை. பையன் எங்கேயோ இருந்து இறக்கிப்போட்ட ஒரு ஃபைல் கன்வர்ட்டருக்கும் கேமுக்கும் அதற்குள் என்ன வேலை? இங்க்ஸ்கேப்புக்கும் கிம்ப்புக்கும் போதும் என்று சொன்னேன். பூட்டு சரிதான் என்பது என் கட்சி. லினக்ஸ் தெரிந்தவர்களிலேயே பலர் இந்த இடத்தில் ஸ்நாப்பைத் திட்டிக்கொண்டே அழித்துவிட்டு, இந்த வேலி இல்லாத டெப் பொதியைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் பூட்டு இருப்பதில் குற்றமில்லை, பூட்டியிருக்கிறது என்று சொல்லாமல் இருப்பதில்தான் குற்றம். போனில் ஒரு ஆப் போட்டால் "கேமராவைப் பயன்படுத்தலாமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறது. கம்ப்யூட்டரில் அதே ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கு எனக்குப் பெட்ரோல் மிச்சம்.

பாஸ் கொடுத்த பிறகும் சில இடங்களில் மாட்டும். ரிமூவபிள்-மீடியா இணைப்பு மூன்று ஃபோல்டர்களைத்தான் திறக்கும்: மீடியா, ரன்னுக்குள் இருக்கும் மீடியா, எம்என்டி. ஒரு பட்டறையில் டிஸ்க்கை நிரந்தரமாக 'டேட்டா' என்று ரூட்டில், அதாவது எல்லா ஃபோல்டருக்கும் மேல்மட்டத்தில், ஒரு ஃபோல்டர் போட்டு அதில் மவுண்ட் செய்திருந்தார்கள். இணைப்பு கொடுத்தாலும் ஆப் உள்ளே போகவில்லை, போகவும் போகாது. எம்என்டிக்குள் மாற்றியதும் சரியாயிற்று. இன்னொரு இடத்தில் டெஸ்க்டாப்பில் டிஸ்க்குக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டுவைத்து, "ஹோமுக்குள்ளதானுங்கண்ணா இருக்கு, அப்பவும் ஏன் தொறக்கல?" என்று கேட்டான் பையன். நியாயமான கேள்வி. ஆனால் அப்பார்மர் லிங்க்கைப் பார்க்காது, அது காட்டும் உண்மையான முகவரியைத்தான் பார்க்கும்.

ஸ்நாப் போலவே இன்னொரு பொதி வகையான பிளாட்பேக்கில் இதே பூட்டு வேறு மாதிரி. கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவருக்கு புராஜெக்ட் ஃபைல் சமர்த்தாகத் திறந்தது, உள்ளே இருந்த கிளிப்புகள் எல்லாம் காணோம் என்று காட்டியது. முகூர்த்த நாள் நெருங்கும் நேரம், மனுஷன் ஆடிப்போய்விட்டார். நடந்தது என்னவென்றால், ஃபைலைத் திறக்கும் ஜன்னலை அந்த ஆப்புக்குப் பதிலாக போர்ட்டல் என்ற ஒரு இடைத்தரகர் காட்டுகிறார். நாம் தேர்ந்தெடுத்த அந்த ஒரு ஃபைலை மட்டும் ஆப்பிடம் கொடுக்கிறார். முகவரியைப் பார்த்தால் டிஸ்க்கின் பெயரே இருக்காது, ரன், யூசர், 1000, டாக் என்று போகும். பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் கிளிப்புகளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் அவை ஆப்பின் கண்ணுக்கே தெரியவில்லை. ஃப்ளாட்சீல் என்ற சின்ன மென்பொருளைப் போட்டு, ஃபைல்சிஸ்டம் பகுதியில் டிஸ்க் மவுண்ட் ஆகும் முகவரியைச் சேர்த்து, ஆப்பை முழுதாக மூடித் திறக்கவேண்டும். மூடாமல் பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது.

டிஸ்க் மேலேயே சந்தேகப்பட வேண்டிய நேரமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஃபைல் மேனேஜரே திறக்கவில்லை என்றால் ஆப்பை விட்டுவிடலாம். 'ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்' என்று ஒரு நீளமான அறிவிப்பு வரும். படித்தவனுக்கு டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் தோன்றும். விண்டோஸ் வகையான என்டிஎஃப்எஸ் டிஸ்க்காக இருந்தால் அவசரப்பட்டு அழவேண்டாம். விண்டோஸ் சிஸ்டத்தில் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கியிருப்பார்கள், சரியாக மூடவில்லை என்று சொல்லும் 'டர்ட்டி' குறி டிஸ்க்கில் விழுந்திருக்கும். 2021-இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 5.15-ஓடு வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர், அந்தக் குறி இருந்தால் மவுண்ட் செய்ய மறுத்துவிடும். பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். லினக்ஸிலேயே குறியை அழிக்க வழி இருக்கிறது, ஆனால் குறியை அழிப்பது வேறு, ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்ப்பது வேறு. பார்ட்டியின் ஆர்ட்வொர்க் இருக்கும் டிஸ்க் என்றால் ஒரு விண்டோஸ் மெஷினைத் தேடிப்பிடித்து செக்டிஸ்க் ஓட்டிவிட்டு, முறையாக எஜெக்ட் செய்துதான் கொண்டுவருவேன்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, எந்த அறிவிப்பும் வராத கோளாறு. பல்லடம் ரோட்டில் ஒரு இடத்தில் ராத்திரி பேக்கப்புக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரோ எழுதிக்கொடுத்தது, ரூட் அனுமதியில், அதாவது எதையும் தொடலாம் என்ற அதிகாரத்தில் ஓடும். கரண்ட் கட், யுபிஎஸ் பேட்டரி வீக், டிஸ்க் மாட்டியிருக்கும்போதே சிஸ்டம் அணைந்தது. மீடியா ஃபோல்டருக்குள் டிஸ்க்கின் பெயரில் ஒரு வெறும் ஃபோல்டர் மிஞ்சிவிட்டது. மறுபடி டிஸ்க்கைச் சொருகியபோது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருந்ததால் பெயருக்குப் பின்னால் 1 சேர்ந்து மவுண்ட் ஆனது. ஸ்கிரிப்ட் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு, உள் டிஸ்க்கில் இருந்த அந்த வெறும் ஃபோல்டருக்குள் தினமும் பேக்கப்பை எழுதித் தள்ளியது. ரூட்டாக ஓடியதால் யாரும் தடுக்கவில்லை. வெளி டிஸ்க்கில் ஒன்றும் ஏறவில்லை. சிஸ்டத்தில் இடம் தீர்ந்து லாகின் ஆகாமல் போனபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள், வழக்கம்போல ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று.

அந்த டிஸ்க்கை இப்போது எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகவேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்ஸ்டேப் ஃபைலில், டிஸ்க்குக்கே உரிய யுயுஐடி எண்ணைக் கொண்டு எம்என்டிக்குள் ஒரே இடத்தில் மவுண்ட் ஆகும்படி எழுதிவிட்டேன், 'நோஃபெயில்' சேர்த்து. அதைச் சேர்க்காவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் சிஸ்டம் பூட் ஆகும்போது மாட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில், அங்கே உண்மையிலேயே டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி. இல்லையென்றால் எதையும் எழுதாமல் நின்று, திரையில் ஒரு அறிவிப்பு காட்டவேண்டும். அதில் என்ன போடலாம் என்று ஓனரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே தமிழில் தட்டி வைத்தேன்: "பேக்கப் டிஸ்க் மாட்டலைங்க. டிராயர்ல இருக்கும், எடுத்துச் சொருகுங்க. அதுவரைக்கும் பேக்கப் ஆகாதுங்க."