வீட்டு வளவில் மொறிஸ் மைனரை மின்சாரத்துக்கு மாற்றினோம்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பது பெரிய விசயமில்லை. ஒஸ்ரின் ஏ40யும் மொறிஸ் மைனரும் இன்னும் எத்தனையோ வளவுகளில் நிற்கின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அந்தப் புகை மணம் என் வயதுக்காரர் எவருக்கும் மறக்காது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகி, அதுவும் வரிசையில் கிடந்தால்தான் என்று வந்தபோது, அப்பாவின் மைனரை மின்சாரத்துக்கு மாற்றும் எண்ணம் வந்தது. எங்கள் மெக்கானிக் அண்ணையிடம் சொன்னேன்.

"சத்தமில்லாட்டி அது காரே தம்பி?" என்றார். ஆனால் மறுநாள் காலையிலேயே அளவு நாடாவோடு வந்துவிட்டார்.

இந்த வேலைக்கு மைனரைப் போலத் தோதான கார் கிடைப்பது அரிது. அதன் 948 சிசி எஞ்சின் தருவதே 37 குதிரைவலு, கிட்டத்தட்ட 28 கிலோவாற். காரின் எடை முக்கால் தொன். ஏசி, பவர் ஸ்ரியரிங் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், பிரேக்குக்குப் பூஸ்ரர் இல்லை. பிற்காலத்துப் பெற்றோல் கார்களில் பிரேக் பூஸ்ரர் வேலை செய்ய எஞ்சின் இழுக்கும் வெற்றிடம் வேண்டும். எஞ்சினைக் கழற்றினால் அதற்கென்று தனியாக மின்பம்பு ஒன்று பூட்ட வேண்டும். மைனரிலோ காலின் பலம்தான் பிரேக். எஞ்சின் இல்லாதது அதற்குத் தெரியவே தெரியாது. கணினி நிறைந்த புதுக் காரோடு யாராவது யோசனை கேட்டு வந்தால், விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எஞ்சின், ரேடியேற்றர், சைலன்சர், பெற்றோல் தாங்கி எல்லாம் கழற்றியாயிற்று. கியர்பொக்ஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டோம். மோட்டார் ஒரு பழைய போர்க்லிப்ற்றில் இருந்தது, கொழும்பில் இருந்து லொறியில் வந்தது. அது நேரோட்டத்தில், அதாவது பற்றரி தரும் DC மின்சாரத்தில், ஓடும் தொடர்ச்சுற்று (series) மோட்டார். புறப்படும்போது நல்ல இழுவை, ஆனால் இந்த வகைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: சுமை இல்லாமல் முழு வோல்ற்றையும் கொடுத்தால் வேகம் ஏறிக்கொண்டே போய்த் தன்னைத் தானே உடைத்துவிடும். வெறுமனே சுற்றிப் பார்க்க ஒரு 12 வோல்ற் கார் பற்றரி போதும். அதற்கும் மோட்டாரை மேசையோடு இறுக்கிக் கட்ட வேண்டும். வயரைத் தொட்டவுடன் உதைக்கும்.

மின்வேலைதான் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் உயிரை வாங்கியது லேத் வேலை. மோட்டார் தண்டும் கியர்பொக்ஸ் தண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். மில்லிமீற்றரில் சின்னப் பின்னம் விலகினாலும் கார் அதிரும், பெயரிங் சீக்கிரம் போகும். பழைய கிளச் தட்டின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தோம். கியர்பொக்ஸ் தண்டின் பல்லுக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும், புதிதாகப் பல் வெட்டும் செலவு இல்லை. அதை மோட்டார் தண்டில் சாவியிட்டு ஏறும் இரு தண்டையும் இணைக்கும் ஒரு இரும்புக் கப்ளிங்கோடு சேர்த்து லேத்தில் கடைந்தார்கள். இன்னொரு விசயம், அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும்: கியர்பொக்ஸ் தண்டின் நுனி எஞ்சினின் கிராங் முனையில் இருக்கும் சிறு வெண்கல வளையத்தில், அதாவது புஷ்ஷில், தாங்கி நிற்கிறது. எஞ்சின் போனால் அந்தத் தாங்கலும் போய்விடும். ஆகவே அதே அளவுப் புஷ் ஒன்றைக் கப்ளிங்குக்குள்ளும் வைத்தோம். இடையில் வரும் தடித்த அலுமினியத் தகட்டுக்கு முதலில் மட்டையில் அச்சு வெட்டி, பிறகு டயல் கேஜ் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டை போட்டோம். கிளச் இப்போது இல்லை. காலை எடுத்து, ஒரு கணம் பொறுத்து, மெதுவாகக் கியரைத் தள்ளினால் விழுகிறது. ஊருக்குள் இரண்டாம் கியரிலேயே புறப்படலாம்.

பற்றரிக்கு நிசான் லீவ் என்ற மின்கார். சில வருடங்களுக்கு முன் இலங்கைக்கு நிறைய வந்த கார், அதனால் கழித்த பற்றரிகள் கையில் அகப்படும். விற்பவரிடம் "எத்தனை பார்?" என்று கேட்பது வழக்கம், புதிதாக இருக்கும்போது மீற்றரில் 12 பார் காட்டும், தேயத் தேயக் குறையும். பாரை மட்டும் நம்பாதீர்கள். பற்றரிக்குள் இருக்கும் சிறு பெட்டிகளான மொடியூல்கள் ஒவ்வொன்றையும் ஒரே சுமையில் வடியவிட்டு அளந்து, ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்குங்கள். 24 கிலோவாற் மணி லீவில் 48 மொடியூல்கள், ஒவ்வொன்றும் 3.8 கிலோ. நாங்கள் 13 மொடியூல்களை வரிசையாகத் தொடுத்து ஏறத்தாழ 100 வோல்ற் எடுத்தோம். அப்படி இரண்டு வரிசை: ஒன்று ரேடியேற்றர் இருந்த இடத்தில், மற்றது பெற்றோல் தாங்கி இருந்த இடத்தில். கனம் முன்னும் பின்னுமாகப் பிரிந்தது. மொடியூல்கள் உப்பாமல் இருக்க இரு பக்கமும் தகடு வைத்து இறுக்க வேண்டும். அந்த லீவ் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது, எங்கள் வெயிலோ தெரிந்ததுதான். மத்தியானத்தில் சார்ஜ் போடுவதில்லை. முழுக்க நிரப்புவதும் இல்லை.

100 வோல்ற் நேரோட்டம் விளையாட்டில்லை. வீட்டு மின்சாரம் ஒரு செக்கனில் நூறு தடவை பூச்சியத்துக்கு வந்து போகும், அதில் பொறி தானாக அணையும். நேரோட்டத்தில் பொறி அணையாமல் நீண்டு எரியும். ஆகவே சுவரில் பூட்டும் சாதாரண சர்க்கிட் பிரேக்கர் இதற்கு உதவாது. நேரோட்டத்துக்கென்றே செய்த பியூஸும், பெரிய மின்சாரத்தைத் தொடுத்து விடுக்கும் சுவிச்சான கொன்ராக்ரரும்தான் போட வேண்டும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கொன்ரோலர் பழுதானால் சில நேரம் முழுத் திறப்பில் போய் நின்றுவிடும், அதாவது கால் எடுத்தும் கார் பாயும். அதற்காக டாஷ்போட்டில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் வைத்தோம், அழுத்தினால் கொன்ராக்ரர் விழும். கொன்ராக்ரர் மூடும் முன் ஒரு தடையி வழியாகக் கொன்ரோலருக்குள் சற்று மின்சாரம் நிரப்பவும் வேண்டும், இல்லையென்றால் முதல் பொறியிலேயே கொன்ராக்ரரின் முனை கருகும். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "மழை பெய்தால் கரண்ட் அடிக்காதோ?" நியாயமான கேள்வி. அதனால்தான் பெரிய பற்றரியின் எந்த முனையையும் காரின் உடலோடு, அதாவது பொடியோடு (body), தொடுக்கவில்லை. பற்றரியில் இருந்து பொடிக்குக் கசிவு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை மீற்றர் வைத்துப் பார்க்கிறேன்.

லைற், ஹோர்ன், வைப்பர் எல்லாவற்றுக்கும் 12 வோல்ற் வேண்டும். மைனரில் அந்தக் காலத்து வழக்கப்படி நேர்முனைதான் பொடிக்கு. டைனமோவும் ஸ்ராட்டரும் எப்படியும் போகின்றன என்பதால் அதை எதிர்முனைக்கு மாற்றி, 100 வோல்ற்றை 12 ஆக இறக்கும் பெட்டி ஒன்றைப் பூட்டினோம். ஒரு பின்னேர வேலை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மேடு பள்ளம் இல்லாதது பெரிய அதிர்ஷ்டம். ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஏழு கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது, ஒரு சார்ஜுக்கு ஐம்பது. காங்கேசன்துறை போய்த் திரும்பலாம். பருத்தித்துறை என்றால் அங்கே பிளக் தர ஒரு சொந்தக்காரர் வேண்டும். பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் போய் வந்தால் உப்புக் காற்றில் வயர் முனைகள் பச்சை பிடிக்கும், கிறீஸ் பூசி வைக்க வேண்டும். பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் இதில் இறங்காதீர்கள். பற்றரிக் காசை பெற்றோலில் மீட்க வெகுகாலம் பிடிக்கும்.

கடைசியில் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது கடதாசி வேலை. காரின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் இருக்கின்றன. இரண்டையும் மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எஞ்சினை இறக்கும் முன் இலக்கம் தெரியப் படமெடுத்து வையுங்கள். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். புத்தகம் திருந்தும்வரை நாங்கள் ஒழுங்கையைத் தாண்டவில்லை. புத்தகத்தில் பெற்றோல் என்று இருக்கும்வரை வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சோதனைச் சான்றிதழும் தேவை, புகைக்குழாயே இல்லாத காருக்கு!

அண்ணை இப்போது ஒரு ஏ40க்கு மோட்டார் தேடுகிறார். அது ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும், மூன்று வரிசை மொடியூல் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.