கறுப்புப் பெயிண்டை ஒளித்து வையுங்கள்

குழந்தைகளுக்கு இம்ப்ரெஷனிசம் (கண்ணில் படும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தீற்றல்களாக வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்களின் பாணி) சொல்லிக்கொடுக்கலாம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அவர்களில் ஒருவரான மோனேயின் அல்லிக்குளத்தைக் கோட்டுப்படமாக்கி வைத்திருக்கும் பக்கங்கள்தான். அச்செடுத்து, கிரேயான் பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டால் அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். அமைதிதான் வேண்டும் என்றால் சரி, நானும் கொடுப்பேன். ஆனால் கோடு போட்டு அதற்குள் நிறத்தை அடைப்பதைத்தானே அந்த ஓவியர்கள் விட்டொழித்தார்கள்? பிள்ளைகளுக்கு ஓவியர் பெயர் தெரிவதற்கு முன்னால் நிழல் என்ன நிறம் என்று தெரிய வேண்டும். என் கட்சி அதுதான்.

கேட்டுப் பாருங்கள், எல்லாக் குழந்தையும் 'கறுப்பு' என்றுதான் சொல்லும். என் மகளும் அப்படித்தான் சொன்னாள், சந்தேகமே இல்லாமல். வெளியே நல்ல வெயிலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் ஒரு கோப்பையை வைத்தோம். இன்னொரு அட்டையில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாக நிழலை மட்டும் பார்க்கச் சொன்னேன். அந்த ஓட்டைதான் முக்கியம். சுற்றியிருப்பதெல்லாம் மறைந்துவிட்டால் மூளை 'இது நிழல், ஆகவே கறுப்பு' என்று முந்திக்கொண்டு தீர்ப்பு சொல்லாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீலமா இருக்கும்மா, ஆனா அழுக்கு நீலம்" என்றாள். சரியான பதில். வெயில் மறைக்கப்பட்ட இடத்துக்கு வெளிச்சம் வானத்திலிருந்துதானே வருகிறது, அந்த வானம் நீலம். அப்புறம் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பந்தை வைத்தோம், பந்தை ஒட்டிய தாள் லேசாக ரோஸ் நிறத்துக்குப் போனது. இதை யாரும் அவளுக்குக் காட்டித்தரவில்லை, அவளே கண்டுபிடித்துக் கத்தினாள்.

அதற்குப் பிறகுதான் மோனேயின் 'மேக்பை' ஓவியத்தைக் காட்டினேன். 1868-69 குளிர்காலத்தில் வரைந்தது. எங்கும் பனி, ஒரு வேலி, அதன் படல்மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை, வேலியின் நிழல் முழுக்க நீலம். 1869இல் பாரிஸின் அரசுக் கண்காட்சியான சலோன் இதைத் திருப்பி அனுப்பிவிட்டது என்றதும் மகளுக்கு நிஜமாகவே கோபம். நிழலைத் தானே பார்த்தவள் அல்லவா!

இதையெல்லாம் பார்த்தபிறகு வரைய உட்காரும்போது கறுப்புக் குப்பியை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். கொஞ்சம் அழுவார்கள். நீலத்தையும் பழுப்பையும் கலந்தால் கறுப்பைவிட ஆழமான ஓர் இருட்டு கிடைக்கும், சிவப்பும் பச்சையும்கூடக் கிட்டத்தட்ட அங்கே கொண்டுபோய் விடும். தாள் சின்னதாக, தபால் அட்டை அளவில் இருக்கட்டும், பிரஷ் பெரியதாக இருக்கட்டும், நேரம் பத்து நிமிடம்தான். பென்சில் கிடையாது. இந்த அவசரம் வேண்டுமென்றே வைப்பது, ஏனென்றால் வெளிச்சம் காத்திருக்காது. வைக்கோல் போர்களை மட்டுமே 1890-91இல் இருபத்தைந்து முறை போல வரைந்தார் மோனே, வெளிச்சம் மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம். ஒரே ஜன்னலைக் காலை, மதியம், சாயங்காலம் என்று பிள்ளைகள் மூன்று அட்டைகளில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அதுவே பாடம், நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

வரலாற்றை நான் சுருக்கமாகத்தான் சொல்வேன். எங்களைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் நாங்களே தனியாக விளையாடுவோம் என்று பிள்ளைகள் செய்வதைத்தான் முப்பது ஓவியர்கள் 1874 ஏப்ரலில் பாரிஸில் செய்தார்கள், நடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில். இப்படித் தாங்களே வைத்தது மொத்தம் எட்டுக் கண்காட்சிகள், 1886 வரை. எட்டிலும் இருந்தவர் பிஸாரோ என்ற ஓவியர் ஒருவர்தான். இதைவிடப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது சில்லறை விவரங்கள்: பெயிண்ட் டியூப் 1841இல் வருவதற்கு முன்னால் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள் (இதைச் சொன்ன அன்று வேறு எந்த வேலையும் நடக்கவில்லை). மோனே 1870இல் துருவீல் கடற்கரையில் வரைந்த ஓவியத்தின் பெயிண்டில் அந்தக் கடற்கரை மணல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது அது. வெளியே உட்கார்ந்துதான் வரைந்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெரிய அருங்காட்சியகங்களின் தளங்களில் ஓவியங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலிலேயே முழுப் படத்தைக் காட்டாதீர்கள். மோனேயின் 'புலெவார் தே கபுசீன்' ஓவியத்தின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி 'இது என்ன?' என்று கேளுங்கள். எறும்பு, பூச்சி, சிந்திய மை என்று பதில்கள் வரும். மெதுவாகச் சிறிதாக்கினால் அத்தனையும் தெருவில் நடக்கும் மனிதர்கள். அந்தக் காலத்திலும் ஒரு விமர்சகர் இந்தத் தீற்றல்களைத்தான் கிண்டல் செய்தார்.

குழந்தைகளுக்கென்று வரும் தொகுப்புகளில் வான்கோவின் 'நட்சத்திர இரவு' எப்படியோ இதற்குள் நுழைந்துவிடுகிறது. அது 1889, அவர் போன வழியே வேறு. ஆனாலும் பிள்ளை அதைத்தான் வரைவேன் என்று நின்றால் வரையட்டும், வகைப்பாட்டுக்காக யாரும் சண்டை போட வேண்டாம்.

அல்லிக்குளத்தைவிட எங்கள் வீட்டில் நின்றது இதே குழுவைச் சேர்ந்த மேரி கசாட் என்ற ஓவியரின் 'நீல நாற்காலியில் சிறுமி'தான். 1878இல் வரைந்தது. நாற்காலியில் காலைப் பரப்பிக்கொண்டு, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்து கிடக்கிறாள் சிறுமி, பக்கத்து நாற்காலியில் ஒரு நாய்க்குட்டி. "இவளுக்கு போரடிக்குது" என்று உடனே புரிந்துகொண்டாள் மகள். பின்னணியில் அதே குழுவின் இன்னொரு ஓவியரான டெகாவும் கை வைத்திருக்கிறார் என்று சொன்னதால் இப்போது டெகா பைத்தியம் பிடித்திருக்கிறது. அவர் 1881இல் காட்சிக்கு வைத்த நடனச் சிறுமி சிலை மெழுகு, பாவாடை நிஜத் துணி, தலையில் நிஜ முடி. அப்போது பலர் முகம் சுளித்தார்கள். மகள் சுளிக்கவில்லை, தனக்கும் மெழுகு வேண்டும் என்கிறாள். களிமண்ணோடு முடித்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.