ஆள் வராத நாளில் கற்ற வாத்தியங்கள்

எத்தனை வாத்தியம் வாசிப்பீர்கள் என்று கேட்டால் எண்ணிக்கை சொல்ல எனக்குப் பிடிப்பதில்லை. வேலூர் பக்கம் இசையையே தொழிலாக வைத்துக்கொண்டவனுக்கு ஒரே வாத்தியத்தில் பிழைப்பு ஓடாது. திருவிழாக் கச்சேரிக்குக் கீபோர்டுக்காரர் வரவில்லையா, அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். டிசம்பரில் சர்ச் கொயருக்கு வயலின் தேவையா, வில்லை எடுக்க வேண்டும். நான் கற்றதில் பெரும்பகுதி இப்படி யாரோ வராத நாளில் தொடங்கியதுதான். மாண்டலினும் வயலினும் ஜி, டி, ஏ, ஈ என்று ஒரே வரிசையில் சுருதி கூட்டுபவை என்பதால் இடது கைக்கு வழி தெரிந்திருந்தது. வில் பழகத்தான் வருடக்கணக்கில் ஆயிற்று.

ஆனால் பாடுகிறவருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது தெருக்கூத்து. பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். முகவீணை என்ற சிறிய ஊதுகுழல், மிருதங்கம், தாளம் இவற்றோடு ஆர்மோனியத்தில் நான். அர்ச்சுனன் தபசு அன்று வேஷம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மூச்சு வாங்கும்போது பாட்டின் அடி நீளும், சில இடத்தில் பாதியில் நிற்கும். அவர் அடுத்த படியில் கால் வைக்கும் வரை துருத்தியை விடாமல் அதே சுரத்தைப் பிடித்திருக்க வேண்டும். என் கண் ஆர்மோனியக் கட்டையில் இருக்காது, அவர் காலில்தான் இருக்கும். அந்த நேரத்தில் கை சும்மா இல்லாமல் அலங்காரமாக ஒரு சங்கதி போட்டால் போதும், அவர் பாட்டு கெட்டுவிடும்.

ரெக்கார்டிங்கில் எல்லாம் தலைகீழ். காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஓடும். யாருக்காகவும் அது நிற்காது. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ஸ்டுடியோக்களுக்குப் போய் வாசித்த காலம் உண்டு. இப்போது பாதி வேலை வீட்டு அறையிலேயே நடக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஒலித்தரத்தில் பதிந்து அனுப்பிவிட்டால் சரி. மே மாத வேலூரில் அதுவும் லேசில்லை. ஃபேன் சத்தம் மைக்கில் விழும், அணைத்துவிட்டால் அறை கொதிக்கும். சூட்டில் மாண்டலின் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், புல்லாங்குழலோ ஏறும். ஒரே பாட்டுக்கு இரண்டையும் வாசிக்கிறவன் ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் இரண்டையும் மறுபடி சரிபார்த்தாக வேண்டும். பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் என்றால் வேலை நள்ளிரவுக்குத் தள்ளிப்போகும். அப்புறம் நாய்கள்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு. வாசித்த பாட்டு வெளிவந்திருக்கும், டைட்டிலில் வாசித்தவன் பெயர் இருக்காது. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது, ஒப்பந்தம் என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது. இதில் பெயர் ஆசை மட்டும் இல்லை. காப்புரிமைச் சட்டத்துக்கு 2012-ல் வந்த திருத்தம், வணிகத்துக்குப் பயன்படும் நிகழ்த்துதலுக்கு, அதைப் பாடியோ வாசித்தோ நிகழ்த்துகிறவருக்கும் ராயல்டி உரிமை தருகிறது. அதே சட்டம், சினிமாவில் போகிறபோக்கில் பங்களித்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் போடப்படாதவரை நிகழ்த்துகிறவராகவே பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. நாங்கள் போகிறபோக்கில் வாசிப்பவர்கள் இல்லை. ஆனால் அதைக் காட்டப் பெயரும் இல்லை, காகிதமும் இல்லை என்றால் எந்த வாசலில் போய்க் கேட்பது?

அதனால் இப்போது ஃபைல் அனுப்பும் மெயிலிலேயே என் பெயர், வாசித்த வாத்தியம், பதிந்த தேதி மூன்றையும் எழுதிவிடுகிறேன். டைட்டிலில் போடுங்கள் என்று கேட்கவும் தயங்குவதில்லை. தனியாகப் பாட்டு வெளியிடும் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்காமலே போட்டுவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு இரண்டாவது மெயில் போகும், தேவைப்பட்டால் மூன்றாவதும்.